பக்கத்து வீடு கோடிக்குப் போனால் நம் வீட்டு வரி ஏறுமா?

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, சரிவின் மேல்பக்கம் இருந்த ஒரு பழைய ஓட்டு வீடு போன வருடம் கைமாறியது. நீலகிரியில் இது புதிதில்லை. வாங்கியவர்கள் பெங்களூர்க்காரர்கள். என்ன விலைக்குப் போனது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆனாலும் டீக்கடையில் ஒரு கோடியில் ஆரம்பித்த பேச்சு ஒரே வாரத்தில் ஒன்றே முக்கால் கோடிக்கு ஏறிவிட்டது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. "பாருங்க தம்பி, முனிசிபாலிட்டியில அந்த விலையைப் பிடிச்சுக்கிட்டு நம்ம எல்லாருக்கும் வரியை ஏத்தப் போறாங்க" என்றார் கடைக்கார அண்ணன். பெஞ்சில் இருந்த இன்னொருவர் மறுத்தார். "அதெல்லாம் இல்லண்ணா. பத்திரத்துல குறைச்சுத்தான் காட்டியிருப்பாங்க. அப்ப அவங்க வரி குறைஞ்சுதான் வரும்."

இரண்டு பேர் சொன்னதும் சரியில்லை. வீடு விற்ற விலை நேராகச் சொத்து வரிக் கணக்கில் போய் உட்காரும் என்று இருவருமே நினைத்துக்கொண்டார்கள். படித்தவர்களும் இப்படித்தான் பேசுகிறார்கள். ஒரு வீட்டுக்கு நாலு வகை மதிப்பு இருக்கிறது. நாலையும் நாம் ‘விலை’ என்ற ஒரே சொல்லால் சொல்வதால் வரும் குழப்பம் இது.

தேயிலையை வைத்துப் பார்ப்போம்

பச்சைத் தேயிலை போடும் குடும்பங்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். இந்த மாதம் நீங்கள் இலை போட்ட ஃபாக்டரி கிலோவுக்கு ஒரு விலை கொடுக்கிறது. பக்கத்துத் தோட்டக்காரர் வேறு ஃபாக்டரிக்குப் போட்டார், அவருக்கு இரண்டு ரூபாய் கூட வந்தது. இதற்கிடையில் தேயிலை வாரியம், ஏல விலைகளைப் பார்த்து, மாதா மாதம் மாவட்டச் சராசரி விலை என்று ஒன்றை அறிவிக்கிறது. இந்த மூன்றும் ஒன்றில்லை என்று மலையில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

வீட்டிலும் அப்படித்தான். நீங்கள் கொடுத்து வாங்கியது கிரய விலை, அதாவது ஒரு குறிப்பிட்ட நாளில் இரண்டு பேருக்குள் முடிந்த பேரம். அதே மாதிரி வீடு, எந்த நெருக்கடியும் இல்லாத பொது வாங்குபவரிடமும் விற்பவரிடமும் என்ன விலைக்குப் போகும் என்பது சந்தை மதிப்பு. தெரு வாரியாக, சர்வே எண் வாரியாக, பத்திரப்பதிவுத் துறை முன்கூட்டியே அச்சிட்டு வைத்திருப்பது வழிகாட்டி மதிப்பு. எல்லோரும் ‘கைடுலைன் வேல்யூ’ என்று சொல்வது இதைத்தான்.

நாலாவதை விட்டுவிட்டோம். ஒரு தோட்டம் என்ன விலைக்குப் போகும் என்பது ஒரு கேள்வி. அதே தோட்டம் வருடத்துக்கு எவ்வளவு இலை தரும் என்பது வேறு கேள்வி. வீட்டுக்கு இந்த இரண்டாவது கேள்வியைப் போட்டால், வருடத்துக்கு என்ன வாடகை வரும் என்று ஆகும். அதற்குச் சட்டம் வைத்த பெயர் ஆண்டு மதிப்பு. தமிழ்நாட்டு நகரங்களில் சொத்து வரி காலங்காலமாக இதன்மேல்தான் நிற்கிறது.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: பேரத்தில் முடிந்தது கிரய விலை, பொதுவாகப் போகக்கூடியது சந்தை மதிப்பு, அரசு எழுதி வைத்தது வழிகாட்டி மதிப்பு, வருடத்துக்கு வாடகையாகத் தரக்கூடியது ஆண்டு மதிப்பு.

ஒரே ஒரு விற்பனை ஏன் சந்தை ஆகாது

மலையில் இருப்பவர்களுக்கு இது கண்ணெதிரே நடக்கும் விஷயம். மே மாதம் மலர்க் கண்காட்சிக்கு ஊட்டி வந்து, வெயிலில் மின்னும் பள்ளத்தாக்கைப் பார்த்து மயங்கி, இரண்டே நாளில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போகிறவர் உண்டு. அதே வீட்டை ஆடி மாதம் வந்து பார்க்கிறவர், சுவரில் ஏறிய ஈரத்தையும் பத்து நாளாகக் காயாத துணியையும் பார்த்து ஒரு விலை சொல்வார். வீடு ஒன்றுதான், மாதம்தான் வேறு.

இன்னும் உண்டு. அண்ணன் தம்பிக்குக் கொடுத்த விலை, மருத்துவச் செலவுக்காக அவசரமாக விற்ற விலை, வங்கி ஏலத்தில் போன விலை எல்லாமே பெரும்பாலும் சந்தைக்குக் கீழே இருக்கும். இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. ஒருவருடைய வீட்டுக்குக் கார் வரத் தடம் இல்லை. கீழே இருக்கும் மூன்று செண்டை வாங்கினால் தடம் கிடைத்துவிடும். அந்த மூன்று செண்டுக்கு அவர் என்ன விலையும் கொடுப்பார். ஆனால் அந்த விலை அவர் ஒருவருக்கு மட்டும்தான் பொருந்தும். அதை வைத்து அந்தத் தெரு முழுவதற்கும் செண்டுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் என்ன ஆகும்?

தடம் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கார் வாசல்வரை வரும் வீட்டுக்கும், ரோட்டிலிருந்து எண்பது படி இறங்க வேண்டிய வீட்டுக்கும் இங்கே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இரண்டும் ஒரே சர்வே எண்ணில் இருக்கும், வழிகாட்டி மதிப்பும் ஒன்றாகவே இருக்கும். காஸ் சிலிண்டரைத் தோளில் சுமந்துகொண்டு அந்த எண்பது படி இறங்கும் ஆளைக் கேட்டால் எது எவ்வளவு பெறும் என்று துல்லியமாகச் சொல்லிவிடுவார்.

ஆக, கிரய விலையைச் சாட்சி என்று வைத்துக்கொள்ளலாம். நேர்மையாக, நெருக்கடி இல்லாமல், அண்மையில் நடந்த விற்பனை என்றால் நல்ல சாட்சி. இல்லையென்றால் பலவீனமான சாட்சி. உலகத்தில் எங்கெல்லாம் சந்தை மதிப்பின்மேல் வரி போடுகிறார்களோ, அங்கெல்லாம் கேட்கப்படும் முதல் கேள்வி இந்தச் சாட்சியை எவ்வளவு நம்பலாம் என்பதுதான்.

பத்திர ஆபீசில் விலைக்கு வேலை உண்டு

விலை நிஜமாகவே வரியைத் தொடும் இடம் பத்திரப் பதிவு அலுவலகம். 2023 ஏப்ரலிலிருந்து தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஒரு வீட்டின் வழிகாட்டி மதிப்பு 42 லட்சம், கிரயம் 50 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 50 லட்சத்துக்கு 9 சதவீதம், அதாவது நாலரை லட்சம் கட்டவேண்டும். கிரயம் 30 லட்சம் என்று பத்திரத்தில் எழுதினால் 2 லட்சத்து 70 ஆயிரத்தோடு முடிந்துவிடுமா? முடியாது. 42 லட்சத்துக்கு உரிய 3 லட்சத்து 78 ஆயிரம் கேட்பார்கள். சுருக்கமாக, இரண்டில் எது அதிகமோ அதன்மேல் கட்ட வேண்டும்.

நீங்கள் நிஜமாகவே 30 லட்சத்துக்குத்தான் வாங்கினீர்கள், எண்பது படி வீடு, கூரை வேறு ஒழுகுகிறது என்றால்? அதற்குத்தான் முத்திரைச் சட்டத்தில் 47ஏ என்ற பிரிவு இருக்கிறது. ‘பத்திரம் 47ஏ-க்குப் போயிடுச்சு’ என்று பேசிக்கொள்வார்களே, அதேதான். பத்திரத்தைப் பதிந்துவிட்டு, மதிப்பைத் தீர்மானிக்கச் சொல்லி முத்திரைத் தீர்வைக்கான தனித்துணை ஆட்சியருக்கு அனுப்புவார்கள். அவர் இடத்தைப் பார்த்து, பத்திரம் எழுதிய தேதியில் திறந்த சந்தையில் விற்றிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று முடிவு செய்வார். படிக்கட்டைப் படம் எடுத்து வைக்க வேண்டியது இங்கேதான்.

வழிகாட்டி மதிப்பு கடைசி வார்த்தை ஆகாது என்பதை உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. 2003-ல் டான்சி என்ற அரசு நிறுவனத்தின் நில வழக்கின் தீர்ப்பில், அது பதிவு அலுவலருக்கு ஒரு முதல் கணக்கு மட்டுமே, சந்தை மதிப்பை முடிவாகக் காட்டுவது ஆகாது என்று வந்தது. பெயரிலேயே ‘வழிகாட்டி’ இருக்கிறது, நாம்தான் அதையே விலை என்று பேசிக்கொள்கிறோம்.

நகராட்சி மேசையில் என்ன நடக்கிறது

வீடு வாங்கியபின் நகராட்சியில் பெயர் மாற்றத்துக்கு மனுக் கொடுக்க வேண்டும். மனுவோடு கிரயப் பத்திரத்தின் நகலும் போகிறது. பத்திரத்தில் விலை இருக்கிறது. அப்படியென்றால் அவர்கள் அந்த விலையைப் பார்த்துத்தானே வரி போடுவார்கள்? டீக்கடைக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது என்று நினைக்கிறேன்.

அப்பாவின் பெயரிலிருந்த வீட்டைப் பெயர் மாற்ற நான் போனபோது, எனக்கு முன்னால் நின்றவர் புதிதாக வீடு வாங்கியவர். அவருடைய பத்திரத்தை அந்த ஊழியர் புரட்டியதைக் கவனித்தேன். கிரயத் தொகை இருக்கும் முதல் பக்கங்களை விரலால் தள்ளிவிட்டு, கடைசியில் இருக்கும் சொத்து விவரத்துக்கு நேராகப் போனார். சர்வே எண், கதவு எண், நான்கு எல்லை, சதுர அடி. பழைய வரி ரசீதில் இருந்த வரிவிதிப்பு எண்ணோடு சரிபார்த்தார். "சார், இதுல 980 சதுர அடின்னு இருக்கு. மேல ரூம் எடுத்திருக்கீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி. எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று கேட்கவே இல்லை.

காரணம் அந்தக் கணக்கின் அமைப்பு. அதற்குத் தேவையானவை: எத்தனை சதுர அடி, எந்த மண்டலம், என்ன கட்டுமானம், எத்தனை வருடப் பழசு, குடியிருப்பா வணிகமா. மண்டலம் என்பது ஊரின் தெருக்களை வசதியைப் பார்த்துப் பிரித்து வைத்திருக்கும் வகை. அதற்கு ஏற்றபடி சதுர அடிக்கு ஒரு அடிப்படை வீதம்.

கணக்கு எப்படி ஓடும் என்று காட்ட ஒரு கற்பனை வீட்டை எடுத்துக்கொள்வோம். எண்கள் என் சொந்த எண்கள், எந்த ஊரின் வீதமும் அல்ல. 900 சதுர அடி. சதுர அடிக்கு மாத வாடகை மதிப்பு 1 ரூபாய் 20 காசு. மாதம் 1,080 ரூபாய், வருடத்துக்கு 12,960. பராமரிப்புக்கு 10 சதவீதம் கழித்தால் 11,664. இது ஆண்டு மதிப்பு. வரி வீதம் 20 சதவீதம் என்றால் வருடத்துக்கு 2,332 ரூபாய் சொச்சம், அரையாண்டுக்கு அதில் பாதி. இதில் கிரய விலையை எழுத எங்காவது ஒரு கட்டம் இருக்கிறதா? ஒரு கோடிக்கு வாங்கினாலும் தாத்தா சும்மா எழுதிக் கொடுத்தாலும் இந்த வீட்டுக்கு இதே வரிதான்.

நம்பாதவர்களுக்கு இரண்டு சம்பவங்கள் சொல்கிறேன். 2017 ஜூனில் தமிழ்நாடு முழுவதும் வழிகாட்டி மதிப்பை ஒரே நாளில் 33 சதவீதம் குறைத்தார்கள். அதற்காக யாருடைய வீட்டு வரியும் குறையவில்லை. 2022-ல் வரியை ஏற்றினார்கள். அது எதை வைத்து என்று பாருங்கள். சென்னை நீங்கலான மற்ற ஊர்களில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். படிகள் எல்லாம் சதுர அடியில் இருக்கின்றன, ரூபாயில் ஒன்றுகூட இல்லை.

கடைக்கார அண்ணன் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. ஒரு பகுதி பத்திருபது வருடத்தில் வளர்ந்து, ரோடு வந்து, ஓட்டல் வந்து, வாடகை ஏறிவிட்டால், அடுத்த பொது மறுசீராய்வில் அதை மேல் மண்டலத்துக்கு மாற்றலாம். மாற்றினால் தெரு மொத்தத்துக்கும் மாறும். ஒருவர் பெங்களூரிலிருந்து வந்து வாங்கியதற்காக மாறாது.

கிராம ஊராட்சிப் பகுதியில் இருப்பவர்களுக்கு இது சொத்து வரி அல்ல, வீட்டு வரி. அங்கே கூரையா, ஓடா, தளமா என்று பார்த்துப் பரப்பை வைத்துப் போடுவார்கள். கிரய விலைக்கு அங்கேயும் இடமில்லை.

பிறகு ஏன் வாங்கியவுடன் வரி ஏறுகிறது?

‘சும்மா சொல்லாதீங்க, எங்க சித்தப்பா கொடைக்கானலில் வீடு வாங்கினார், அடுத்த அரையாண்டே வரி இரண்டு மடங்காச்சு’ என்று யாராவது சொன்னால் நம்புங்கள். அப்படி நடக்கும். ஆனால் அதைச் செய்தது விலை இல்லை, டேப்.

பழைய உரிமையாளர் முப்பது வருடம் அதே ரசீதைக் கட்டிக்கொண்டு வந்திருப்பார். நடுவில் பின்பக்கம் ஒரு அறை, மாடியில் ஒரு கண்ணாடி வராந்தா, கார் ஷெட் என்று சேர்ந்திருக்கும். யாரும் அளக்கவில்லை. பெயர் மாற்ற மனு வந்ததும் பில் கலெக்டர் டேப்போடு வருகிறார், முப்பது வருட வளர்ச்சி ஒரே நாளில் கணக்கில் ஏறுகிறது. இரண்டாவது, பயன்பாடு. மலையில் கைமாறும் வீடுகளில் பல வாசலில் புது போர்டு மாட்டிக்கொண்டு, வார இறுதிக்கு ஆள் தங்கும் காட்டேஜாக மாறுகின்றன. குடியிருப்பு வீதம் போய் வணிக வீதம் வரும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரிவது வீடு விற்றது, வரி ஏறியது என்ற இரண்டு மட்டும்.

சுருக்கமாக, விற்பனை நகராட்சியைக் கதவு தட்ட வைக்கிறது. உள்ளே வந்தபின் அவர்கள் அளப்பது சுவரை, பார்ப்பது போர்டை.

விலை நுழையும் வாசல்கள்

எங்கேயுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே ஒரு ஜன்னல் இருந்தது. சாதாரணமாக வாடகைக்கே விடாத வகைக் கட்டடம், வாடகை இவ்வளவு என்று மதிப்பிடவே முடியவில்லை என்றால், நிலத்தின் சந்தை மதிப்பையும், இன்று கட்டினால் ஆகும் செலவில் தேய்மானம் கழித்ததையும் கூட்டி, அதில் 6 சதவீதத்தை ஆண்டு மதிப்பாக வைத்துக்கொள்ளலாம். அங்கேயும் கேட்டது சந்தை மதிப்பு, நீங்கள் கொடுத்த விலை இல்லை. அந்தச் சட்டத்தின் இடத்தை 2023 ஏப்ரலில் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் பிடித்தது.

நமக்குப் பக்கத்திலேயே இன்னொரு வாசல் இருக்கிறது, வெலிங்டன். அது நகராட்சி இல்லை, கண்டோன்மென்ட், அதாவது ராணுவப் பகுதிக்கான தனி நிர்வாகம். 2006-ஆம் ஆண்டு கண்டோன்மென்ட் சட்டப்படி ஓட்டல், பள்ளி, மருத்துவமனை போன்ற கட்டடங்களுக்கு, கட்டும் செலவையும் நில மதிப்பையும் கூட்டி இருபதில் ஒரு பங்கை ஆண்டு மதிப்பாக எடுக்கிறார்கள். மற்ற வீடுகளுக்கு வாடகைக் கணக்குதான்.

மும்பையில் 2010-லிருந்து மூலதன மதிப்பு முறை. அரசு வெளியிடும் விலைப் பட்டியலை வைத்து வீட்டின் மொத்த மதிப்பைக் கணக்கிட்டு, அதன்மேல் வரி. அங்கே இருக்கும் மச்சான் ‘எங்களுக்கு ஃபிளாட் மதிப்பை வைத்துத்தான் வரி’ என்று சொன்னால் அது உண்மைதான். இங்கே பொருந்தாது, அவ்வளவுதான்.

இன்னொரு எல்லை அமெரிக்காவின் கலிஃபோர்னியா. அங்கே 1978-ல் மக்கள் வாக்கெடுப்பில் வந்த ‘புரொபொசிஷன் 13’ என்ற விதிப்படி, நீங்கள் வாங்கிய விலையே வரிக்கு அடிப்படை மதிப்பு. அடிப்படை வரி 1 சதவீதம், மதிப்பு வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. மறுபடி கைமாறும்போதுதான் புது விலை ஏறும். அதனால் ஒரே மாதிரி இரண்டு வீடு பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், நாற்பது வருடமாக இருப்பவர் கட்டுவதைப்போலப் பல மடங்கு நேற்று வந்தவர் கட்டுவார். அங்கே வேலை பார்க்கும் பிள்ளை வீடியோ காலில் ‘வாங்குற விலைதாம்மா வரி’ என்று சொல்வதைக் கேட்டுவிட்டு, அம்மா இங்கே நீலகிரியின் அருவங்காட்டில் கவலைப்படுகிறார். இங்கிலாந்து இதற்கு நேர் எதிர். கவுன்சில் வரிக்கு அவர்கள் எடுப்பது 1991 ஏப்ரல் 1-ஆம் தேதி அந்த வீடு என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதை. நேற்று கட்டிய வீட்டுக்கும் அந்தத் தேதியின் விலையைத்தான் கற்பனை செய்துகொள்கிறார்கள்.

ஆட்சேபணை எழுதும்போது

இதையெல்லாம் தெரிந்துகொண்டு என்ன பயன் என்றால், எந்த மேசையில் எதைப் பேச வேண்டும் என்று தெரியும். 47ஏ விசாரணையில் விலையைப் பேசுங்கள்: படிக்கட்டு, ஈரச் சுவர், பக்கத்தில் நடந்த விற்பனைகளின் பத்திர நகல். நகராட்சிக்கு எழுதும் ஆட்சேபணையில் ‘நான் இவ்வளவுக்குத்தான் வாங்கினேன்’ என்று எழுதி ஒரு பயனும் இல்லை. அளவு தவறு, மண்டலம் தவறு, வயது தவறு, வீட்டை வணிகம் என்று போட்டிருக்கிறார்கள் என்பவைதான் அங்கே எடுபடும்.

  

எங்கள் வீட்டு விஷயம் இது. அப்பா அந்தக் காலத்தில் எழுதிக் கொடுத்த படிவத்தில் வீட்டின் பரப்பு 1,260 சதுர அடி என்று இருந்தது. 2022-ல் நோட்டீஸ் வந்தபோது நானும் தம்பியும் ஞாயிற்றுக்கிழமை டேப் வைத்து அளந்தோம். இரண்டு முறை அளந்தும் 1,150-க்கு மேல் வரவில்லை. அம்மாதான் கண்டுபிடித்துச் சொன்னார், வீட்டுக்குப் பின்னால் மூன்று பக்கமும் திறந்து, தகரம் போட்டு நின்ற விறகுக் கொட்டகையையும் அப்பா சேர்த்து எழுதியிருக்கிறார். காஸ் வந்தபின் அதைப் பிரித்தே பல வருடம் ஆகிவிட்டது. இல்லாத விறகுக் கொட்டகையால் நாங்கள் 1,200-ஐத் தாண்டி, 50 சதவீதப் படியிலிருந்து 75 சதவீதப் படிக்குப் போயிருந்தோம். பழைய அரையாண்டு வரி 1,200 என்றால் 1,800 கட்டுவதா, 2,100 கட்டுவதா என்ற வித்தியாசம். வரைபடம் போட்டு, கொட்டகை இருந்த இடத்தில் இப்போது அம்மா வைத்திருக்கும் பூண்டுப் பாத்தியைப் படம் எடுத்து, மனுவோடு கொடுத்தோம். பில் கலெக்டர் வந்து அளந்தார். 1,148 என்று எழுதிக்கொண்டு, போகும்போது ஒரு கைப்பிடி பூண்டும் வாங்கிக்கொண்டு போனார்.